கருத்துக் கேட்பு

பூங்காவின் வடக்கு மூலையில்
கம்பிவேலி போட்டு
குடிக்கிறவர்களுக்கென்று விடலாமா கூடாதா
என்று கேட்க
சத்துவாச்சாரி மண்டல அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள்.
டீயும் சுண்டலும் இருந்தன.
பெருக்குகிறவள் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி,
கடைசி வரிசை, காற்றாடி எட்டாத இடம்.

சித்திரை முடிந்தும் வெயில் முடியவில்லை.
மரமில்லாத மலை பகலெல்லாம் குடித்த சூட்டை
ராத்திரியில்தான் எங்கள் மேல் கக்கும்.

நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் தணிகாசலம்
‘கலாச்சாரம்’ என்றார்.
மூன்று முறை சொன்னார்.
அவர் வீட்டுக் குப்பையையும் நான்தான் எடுக்கிறேன்.
செய்தித்தாளில் சுற்றிய கனமான பொட்டலம்
செவ்வாய்க்கு ஒன்று, சனிக்கு ஒன்று.
நான் சுண்டலைத் தின்றேன்.

கவுன்சிலரின் மச்சான்
மூலையை ஏலம் விட்டால் எவ்வளவு வரும் என்று
விரல்விட்டுச் சொன்னான்.
விரல் போதவில்லை.

லோகு எழுந்தான், மூட்டை தூக்குகிறவன்.
“வூட்ல குடிச்சா பொண்டாட்டி திட்றா,
ரோட்ல குடிச்சா போலீசு புடிக்குது,
பாருல ஒரு அவிச்ச முட்டை இருவது ரூபா.
முன்ன பாலாத்து மணல்ல குந்தி குடிப்போம்,
மணலையும் வாரிக்கினு பூட்டாங்க.
எங்கதான் சார் போறது?”
சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.

பிலோமினா டீச்சர் கைபேசியை
வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தாள்.
சின்னக் கால். ஏழு தையல்.
சறுக்குமரத்தடி மணலில் கிடந்த சில்லு.
என் முறை வந்தபோது
கண்ணாடி கொண்டுவரலைம்மா, சரியாத் தெரியலை என்று
கையை ஆட்டிவிட்டேன்.

தெரியும்.
அந்த விடியலில் சறுக்குமரத்தடியில் நின்றது நான்.
முழு பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால்
பத்து ரூபாய்.
உடைந்ததற்கு ஒன்றுமில்லை.
சாக்கில் முழுசு முழுசாகப் போட்டுக்கொண்டிருந்தேன்,
பதினாலு.
உடைந்ததை அப்புறம் அள்ளலாம் என்று இருந்தேன்.
அப்புறம் வெளிச்சம் வந்தது,
மேஸ்திரி வந்தார்,
பிள்ளைகள் வந்தார்கள்.

இன்னொன்றும் அங்கே சொல்லவில்லை.
போன மாசியில் ஒரு ஆள்,
வங்காளமோ அஸ்ஸாமோ,
ஆஸ்பத்திரிக்கு வந்தவன், கக்கத்தில் ஸ்கேன் உறை.
ஆறு பேர் படுக்கிற லாட்ஜ் அறையில்
மாமியாரையும் மகளையும் வைத்துக்கொண்டு
எப்படிக் குடிப்பான்.
வாட்ச்மேன் வராத நாள், சாவி என்னிடம்.
சிமென்ட் பெஞ்சின் அந்தக் கோடியில் அவன்,
விளக்குமாற்றோடு இந்தக் கோடியில் நான்.
எட்டரைக்குப் பூட்ட வேண்டிய கேட்டை
ஒன்பதே முக்கால் வரை பூட்டவில்லை.
என்னவோ சொன்னான்,
ஒரு வார்த்தை விளங்கவில்லை.
ஆமா என்றேன்,
இரண்டு தடவை.
எழுந்தபோது உட்கார்ந்த இடத்தைத் துண்டால் துடைத்தான்.
குவார்ட்டர் பாட்டிலை மூடி திருகி
இரண்டு கையாலும் நீட்டினான்.
அதையும் சாக்கில்தான் போட்டேன்.

“கெங்கம்மா, நீ இன்னாம்மா சொல்ற?”
எழுந்து நின்றேன்.
என் வீட்டுக்காரன் நினைப்பு வந்தது.
வேலிக்குள் குடித்தால்
வீட்டுக்குள் குடிக்காமல் இருப்பானா,
அங்கேயும் குடித்துவிட்டு இங்கேயும் வருவானா.
இதை எந்த ஆபீசர் எழுதிக்கொள்வார்.

“அந்த மூலைல லைட்டு எரியல சார்,
நாலு மாசமா” என்றேன்.
எழுதுகிற பெண் பேனாவை எடுக்கவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை.
‘மது அருந்தக் கூடாது’ பலகையின் கீழே
இன்று ஒன்பது, அதில் இரண்டு உடைந்தது.
செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
உடைந்ததை முதலில் பொறுக்குகிறேன்.
முழுசுக்கு அவசரமில்லை.
கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும்.