இரண்டாயிரத்து நானூறு

தார்த்து நகரின் கிழக்கு ஓரம். ஒன்பது மாடிக் கட்டடத்தில்
ஆறாவது தளம், ஒரே அறை.
கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நாலு எட்டு.
அந்த நாலு எட்டுக்குள்தான்
எங்கள் ஜனவரிச் சண்டை முழுவதும்.

உர்வே பிரசவ வார்டிலிருந்து
காலை எட்டுக்கு வருவாள், இருட்டைக் கூட்டிக்கொண்டு.
பூட்ஸின் பனியை வாசலில் தட்டிவிட்டு
எதுவும் பேசாமல் படுத்துவிடுவாள்.
நான் பத்தொன்பது வருடம்
மரமறுக்கும் ஆலையில் நின்றவன்.
இப்போது, விமானத்திலிருந்து லேசர் தொட்டு எண்ணிய
புள்ளிகளைக் கோத்து
கணினியில் காடு தைக்கிறேன்.
ஒரு சதுப்புநிலத்துக்குப் பதினோரு மணி நேரம்.
இடையில் நின்றால் மறுபடி முதலிலிருந்து.

"கவ்போ, அது கத்துகிறது."
"எது?"
"உன் தண்ணீர்ப் பெட்டி."

காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.
கண்ணாடிக்குப் பின்னால்
பச்சைக் குழாயில் நீர் ஓடிக்கொண்டிருந்தது,
மீன் தொட்டி மாதிரி, சாதுவாக.
"எனக்குக் கேட்கவில்லையே."
"உனக்குக் கேட்காது" என்றாள்.
கோபமில்லை அதில்.
பிறந்த பிள்ளையின் எடையைச் சொல்லும் குரல்.

ஆலை என்னிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று
அதுவரை கணக்குப் பார்த்ததில்லை.
கெட்டிலின் விசில்,
ரோவன் பழத்துக்கு வரும் பறவைக் கூட்டம்,
கைக்கடிகாரத்தின் அலாரம்:
கீச்சிடுவதெல்லாம்
சொல்லாமல் கொள்ளாமல்
வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுப்பு.
நான் எண்களுக்கு முன்னால்.
அவள் போர்வைக்குள், கண்ணை மூடி.

நாலாயிரத்து எண்ணூறு சுற்று. ஐம்பத்தெட்டு டிகிரி.
"கொசு."
நாலாயிரம். அதே ஐம்பத்தெட்டு.
"அதே கொசு, கொஞ்சம் தள்ளி."
மூவாயிரத்து இருநூறு. ஐம்பத்தொன்பது.
இத்தனை நாள் அந்த ஓட்டமெல்லாம்
யாருக்காக ஓடியது?
இரண்டாயிரத்து அறுநூறில்
மேசையே முனகத் தொடங்கியது.
அது எனக்கும் கேட்டது,
முழங்கையில், கடைவாய்ப் பல்லில்.
"வேண்டாம்" என்றோம் ஒரே நேரத்தில்.
மூன்று வாரத்தில் முதல் ஒற்றுமை.

பேராசை. ஆயிரத்து ஐந்நூறுக்கு இறக்கினேன்.
அவளிடமிருந்து சத்தமில்லை.
எழுபத்தொன்று. எழுபத்து நாலு. எழுபத்தொன்பது.
தூங்கிவிட்டாளோ?
"ஏற்று" என்றாள் போர்வை. "இப்போது விசிறிகள் அலறுகின்றன."
ஓரிடத்தில் வாயைப் பொத்தினால்
இன்னோரிடத்தில் திறந்துகொள்கிறது இந்தச் சூடு.

இரண்டாயிரத்து நானூறில் நின்றோம். அறுபத்திரண்டு.
சமையலறை ஸ்பாஞ்சை நாலாக வெட்டி
பெட்டியின் காலுக்குக் கொடுத்தேன்.
"இன்னும் ஒன்று இருக்கிறது" என்றாள்.
"களக், களக் என்று. விட்டு விட்டு."

எழுந்து வந்தாள். நான் தடுப்பதற்குள்
ஒரு கை அடியில், ஒரு கை முதுகில்,
பதினாறு கிலோ இரும்பையும் கண்ணாடியையும்
பால் குடித்த பிள்ளையைப் போலச்
சாய்த்துப் பிடித்தாள்.
"ஒயர் பத்திரம்."
"சும்மா இரு."
ரேடியேட்டர் மூலையிலிருந்து
பட்டாணி அளவில் ஒரு குமிழி கிளம்பி,
வளைவில் தயங்கி,
மனசு மாறியதுபோல் கொஞ்சம் பின்வாங்கி,
பிறகு தொட்டியின் மேலேறி உடைந்தது.
"ஏப்பம்" என்றாள்.
கை கழுவப் போனாள், வழக்கப்படி முழங்கை வரை.

இன்றிரவு சதுப்புநிலம் ஓடிக்கொண்டிருக்கிறது,
முப்பத்தெட்டு சதவீதம்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
அறை அமைதியாக இருக்கிறதா என்று
எனக்குத் தெரியாது. எனக்கு
எப்போதுமே அமைதியாகத்தான் இருந்திருக்கிறது.
அதனால் திரையைப் பார்ப்பதை விட்டு
அவள் தோளைப் பார்க்கிறேன்.
ஏறுகிறது. இறங்குகிறது.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு
காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள்,
என்னைக் கேட்காமல்.
சீட்டு, விசைப்பலகைக்கு அடியில்
முனை தெரிய இருக்கிறது.
போவேனா, தெரியவில்லை.