முடிவுற்ற பணியின் வரைபடம்

அஸ்தம்பட்டி அலுவலகத்தில் கேட்கிறார்கள்:
எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோடு பேசும்?
கோடு போட்டுக் கொடுங்கள், கையெழுத்தோடு.

ஏற்காடு மலையில் மொத்தம் இருபத்திமூன்று.
மழை அளக்கும், மண் நகர்ந்தால் சொல்லும்.
கொண்டை ஊசி வளைவுகளில் ஆறு,
நாகலூர்ப் பக்கம் நான்கு,
மற்றவை காப்பித் தோட்டங்களில்
சில்வர் ஓக் மரங்களின் கழுத்தில்,
மிளகுக்கொடி எட்டாத உயரத்தில்.

முதலில் நானும் கோடுதான் போட்டேன்.
ஒரு தலை, அதற்குக் கீழே நான்கு,
அந்த நான்குக்கும் கீழே மற்றவை.
மின்வாரியத்தில் இருந்த பழக்கம்.
முதல் மூடுபனியிலேயே தலை போயிற்று.
கீழே இருந்தவையெல்லாம்
ஆளுக்கொரு மழையை வைத்துக்கொண்டு
வாய்மூடி நின்றன.

கிழித்துவிட்டு அரைப்பக்கம் எழுதினேன்.
யார் குரல் கேட்கிறதோ
அவர்களைத் தெரிந்து வைத்துக்கொள்.
கத்தாதே, பக்கத்தில் எட்டினால் போதும்.
இன்னொருவர் பேசினால் பொறு;
எவ்வளவு நேரம் என்று
நீயே சீட்டுக் குலுக்கிக்கொள்.

அரைப்பக்கத்துக்கு ஐந்து மாதம்.
நடுவில் ஒரு வரி கூடப்போட்டதில்
ஒரு ராத்திரி முழுக்க
ஒன்றையொன்று நலம் விசாரித்தே
பேட்டரி தீர்ந்து செத்தன.

ஐப்பசி அடைமழை.
பதினான்காம் வளைவுக் கம்பத்தில்
காட்டெருமை முதுகு சொறிந்துவிட்டுப் போனது.
ஆன்டெனா பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தது.
கணக்குப்படி அது தொலைந்த பெட்டி.
சேதி வந்துகொண்டுதான் இருந்தது.

எந்த வழியாக என்று தேடினேன்.
பட்டியலில் நான் அடித்துவிட்ட ஒன்பதாம் எண்.
மரம் வெட்டியபோது கழற்றிப் போட்டதை
காப்பி பறிக்கும் பொன்னுருவி
தூக்கிப்போய்த் தன் தகரக் கூரையில் கட்டியிருந்தாள்.
"வெளக்கு மினுக்கிக்கிட்டே இருந்துச்சு சார்,
எறிய மனசு வரல."

அன்று இரண்டு ஐம்பதுக்கு
மண் இரண்டு விரற்கடை நகர்ந்தது.
சாய்ந்தது சொல்ல, ஒன்பது கேட்டு,
மேலும் மூன்று கைமாறி
அடிவாரச் சோதனைச்சாவடிக்கு வந்தது.
முதல் பால் வண்டியை நிறுத்திவிட்டார்கள்.
நான் சூரமங்கலத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது தாள் மேசையில் விரிந்திருக்கிறது.
கேட்டபடி கோடு போட்டேன்,
பொன்னுருவி கூரையையும் சேர்த்து.
கையெழுத்துக்குக் கீழே தேதி போதும் என்றார்.
மணியும் நிமிஷமும் எழுதினேன்.

"நிமிஷம் எதுக்குங்க?"

ஜன்னலில், காலையில் மலை இருந்த இடத்தில்
மேகம் இறங்கியிருந்தது.