அரைப்புள்ளி

மோல்மீனில் பேதி கண்டு போய்ச் சேர்ந்தார் என்றுதான்
கண்டனூரில் சொல்லிவைத்திருந்தோம்.
மாலை போடப் படமும் இல்லை.

நேற்று போர்ட் பிளேரிலிருந்து நகல் வந்தது.
ஏகப்பன், செட்டி. கள்ள உண்டியல். ஆயுள் தீவாந்தரம்.
ஐந்தடி மூன்றங்குலம், வலக்கையில் சுட்ட வடு.
கழுத்தில் மரவில்லை, அதில் எண்.
இறப்பு: அக்டோபர் 1896, சுரம்.

பெரியப்பா படித்துவிட்டு நாலாக மடித்தார்:
"பொண்ணுக்குப் பேசிக்கிட்டிருக்கோம்,
இப்ப எதுக்கு இது?"

வேலங்குடிக் கோயில் பேரேட்டில் வேறு கணக்கு.
செத்தார் என்று ஊருக்குச் சொன்ன வருஷமும்
அதற்கடுத்த பதினோரு வருஷமும்
அவர் பெண்டாட்டி உண்ணாமலை
முழுப்புள்ளிக்கே வரி கட்டியிருக்கிறாள்.
தாலியறுத்தவள் அரைப்புள்ளி,
அது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.
ஒருத்தரும் கேட்கவில்லை போல.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

துன்முகி வருஷம், தை மாதம்.
முதல்முறையாக அரை.
பக்கத்தில் கணக்குப்பிள்ளையின் பொடி எழுத்து:
கொண்டுவந்தது முழுசு,
பாதி திருப்பித் தந்தது.

அப்படியென்றால்
கோயிலுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.
மூன்று மாதத்தில், அத்தனை தண்ணீர் தாண்டி,
யார் வந்து சொன்னார்கள்?

திருப்பித் தந்த காசை
அவள் வாங்கிக்கொண்டாளா என்று
எழுதியிருக்கவில்லை.