உள்சட்டை

ஷானன் ஆற்றைக் கடக்கும்போது
மெல்மூரெயின் இரும்புச் சட்டை என் தலைமேல் இருந்தது.
தண்ணீர் அவருக்கு இடுப்பளவு, எனக்குக் கழுத்தளவு.
"நனைந்தால் தோலை உரிப்பேன்" என்றார்.

ஒரு கோடரி வீரனுக்கு இரண்டு பையன்கள்.
ஓட்ஸ் மாவும் வெண்ணெயும் சட்டியும் டூல்டாவுக்கு.
சட்டை, தலைக்கவசம், மூன்று எறியீட்டி எனக்கு.
கோடரியை மட்டும் அவரே தோளில் வைத்துக்கொள்வார்,
வழியில் பார்ப்பவர்கள் பார்க்க வேண்டுமே.

தலைவரின் ஆள் வந்து எண்ணுவான்.
சட்டை குறைந்தால் ஒரு பசு அபராதம்.
தலைக்கவசம் குறைந்தால் ஒரு கன்று.
போன குளிரில் காய்ச்சலில் செத்த கொனிங்கைப் பற்றி
அவன் ஒன்றும் கேட்கவில்லை.

எதிரி யாரென்று என்னைக் கேட்டால்
மழையைத்தான் காட்டுவேன்.
பீப்பாயில் மணலும் புளித்த மோரும் கொட்டி
சட்டையை உள்ளே போட்டு
மேட்டிலும் பள்ளத்திலும் உருட்டிக்கொண்டே இருப்பேன்.
என் கம்பளி எப்போதும் அதன்மேல்.
நனைகிறவன் நான். எனக்குத் துருப் பிடிக்காது.

சண்டை நாளன்று
அவர் மண்டியிட்டுக் கைகளைத் தூக்குவார்.
தலைவழியே கவிழ்ப்பேன்.
கூடை மீனைக் கொட்டியதுபோல் வளையங்கள் சரிந்து இறங்கும்.
என் முதுகு தானாக நிமிரும்.
பழக்கதோஷத்தில் முன்னால் சாய்ந்து விழப் பார்ப்பேன்.
வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன்:
அவர்கள் வெட்டுப்படும் நேரம்தான்
எனக்கு ஓய்வு.

அன்றும் அவர் திரும்பி வந்தார்.
கோடரியில் யாருடைய முடியோ.
இரவு, கூடத்தில் பாணன் யாழை மடியில் சாய்த்து
அச்சம் என்ற சொல்
மெல்மூரெயின் வாசலை மிதித்ததில்லை என்றான்.
மேசைகள் அதிர்ந்தன.
நானும் கதவோரம் நின்று
கையில் இருந்த வாளியைத் தட்டினேன்.

அதே வாளியோடு ஓடைக்குப் போனேன்.
இரும்புக்கு அடியில் போடும், கம்பளி திணித்த உள்சட்டை.
வெளிப்பக்கம் ரத்தம். அது அலசினால் போய்விடும்.
உள்பக்கம், தொடை படும் இடத்தில், வேறு ஈரம்.
எட்டு வருடமாய் எனக்குத் தெரிந்த வாடை.
ஒருமுறைகூட அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.
ஒருமுறைகூட அந்த உடுப்பை
என் கையில் நேராகத் தந்ததுமில்லை,
வைக்கோல் மேல் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

இருட்டுக்குக் கண் பழகியபிறகுதான் பார்த்தேன்.
ஓடை நெடுகப் பையன்கள்.
எல்லா வீரர்களின் பையன்களும்
கல்லுக்கு ஒருவனாய்க் குந்தியிருந்தார்கள்,
அவனவன் துணியை அவனவன் உடம்பால் மறைத்துக்கொண்டு.

ஃபெர்கல் மட்டும் தலை திருப்பாமல் கேட்டான்,
"சாம்பல் மிச்சம் இருக்கா?"

பாதியைக் கொடுத்தேன்.