பதினோராம் கேள்வி

மண் ஆய்வுகூடத்து ஜெகதீபன்
பாணைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னான்:
"உன்ர வேலை விஞ்ஞானமில்லை.
உமையாள்புரத்து மண்ணைத்
திங்கள் கேட்டாலும் ஆறு தசம் எட்டு,
வியாழன் கேட்டாலும் ஆறு தசம் எட்டு.
உன்ர ஆக்கள்?"

என்ர ஆக்கள்.
கையில் இருபத்திரண்டு கேள்விகள்.
எங்கோ ஒரு குளிர்நாட்டில் பிறந்து
கொழும்பில் தமிழாகி
பரந்தன் சந்தியில் போட்டோப்பிரதி ஆனவை.
இல்லவே இல்லை என்றால் பூச்சியம்.
எந்நேரமும் என்றால் நாலு.
நடுவில் 'மிதமாக' என்றொரு சொல்.
மொழிபெயர்த்தவர் வன்னியில்
ஒரு மாரிகூட இருந்திருக்க மாட்டார்.
மிதமாக இங்கே எதுவும் பெய்ததில்லை.

முதல் வீட்டில் கதிரை துடைத்துத் தந்தார்கள்.
"தங்கச்சி, எதைச் சொன்னா வீட்டுத்திட்டம் வரும்?"
அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று
ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன்.
நன்றாகத் தலையாட்டிவிட்டு
எல்லாவற்றுக்கும் நாலு சொன்னார்.
அடுத்த வீட்டில் அன்று
பெண் பார்க்க வருகிறார்கள்.
துயரமில்லை, பயமில்லை, கனவுகூட இல்லை.
இருபத்திரண்டு பூச்சியங்களை
வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன்.

இதை ஜெகதீபனிடம் சொல்லியிருக்கக் கூடாது.
"பாத்தியே! மண்ணுக்கு வெக்கமில்லை.
நான் வாறனெண்டு மண் தலையிழுத்துக் கட்டுறேல்லை.
மண்ணுக்குப் பெட்டையைக் கரைசேர்க்கிற யோசினை இல்லை."
சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார்.

பிறகு, கோப்பை பாதியானபோது, அவனே:
"ஒருக்கா ஒருத்தன்,
மானியப் பசளை கிடைக்குமெண்டு
கடலேரிக் கரையில உப்புமண் அள்ளித்
தன்ர வயல்மண்ணெண்டு பையில கட்டிக் கொண்டந்தான்."
"பிறகு?"
"பிறகென்ன. இலக்கம் சரி.
வயல்தான் பிழை."
அதற்குமேல் அவன் அன்று கதைக்கவில்லை.
நான் வென்றேன் என்றும் இல்லை.
பாணுக்கும் தேத்தண்ணிக்கும்
காசு கொடுத்தது நான்.

தவமலரின் வீடு தண்டவாளத்தோடு ஒட்டினது.
பதினோராம் கேள்வி:
கடந்த இரண்டு வாரங்களில்
நித்திரை கொள்வதில் சிரமம் இருந்ததா?
தையல் மெசினை நிறுத்திவிட்டு யோசித்தார்.
அந்தக் கிழமை முழுக்க
யோசித்தது அவர் ஒருவர்தான்.

"கொழும்புக்குப் போற மெயிலுக்கு முதல் கண்ணயந்தா
அது பூச்சியம்.
போனாப்பிறகும் முழிப்பெண்டா
ஒண்டோ ரெண்டோ போடுங்கோ.
விடியப்புறம் கொழும்பிலயிருந்து வாறதும் கேட்டா
மூண்டு. எனக்கு மூண்டு."
"அப்ப நாலு?"
நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.
"நாலெண்டா,
ரெயில் ஓடாத நாளிலயும் கேக்கிறது."

மூன்றென்று எழுதினேன்.
பேராசிரியரின் அளவுகோலில்
இத்தனை தெளிவாக ஒரு கோடு
எவரும் கீறிப் பார்த்ததில்லை.
ஓரத்தில் குறிக்க நினைத்தேன்.
படிவத்தில் ஓரம் இல்லை.

பதினைந்தாம் நாள் மறுபடி போனேன்.
அதே ஆள், அதே கேள்வி, அதே விடை வருகிறதா,
அதைப் பார்க்கத்தான் அனுப்புவார்கள்.
வந்தால் எங்கள் கருவி நம்பத்தக்கது.
"தங்கச்சி, பத்து நாளா ரெயில்காரர் வேலைநிறுத்தம்.
ஒண்டும் ஓடேல்லை.
இந்தமுறை எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"ஓடாட்டியும்... கேட்டதோ?"
இது இருபத்திரண்டில் இல்லாத கேள்வி.
கேட்டிருக்கக் கூடாது.
அவர் சட்டைக் கையைத் திருப்பி வைத்து
ஊசியின் கீழே சரிபார்த்தார்.
வெகுநேரம் சரிபார்த்தார்.

விடை இல்லாத பெட்டிக்கு
எங்களிடம் ஒரு குறியீடு உண்டு:
தொண்ணூற்றொன்பது.
எழுதினேன்.

மெசின் ஓடத் தொடங்கியது,
முதலில் மெல்ல, பிறகு கடகடவென்று.
தண்டவாளப் பக்கம்
தலை திருப்பிப் பார்த்தது
நான்தான்.