பெயருக்கான இடம்

ஆறு வருடமாகக் கொலைகளை வாசித்தோம்,
மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
லியபாயாவின் கடற்காற்றுக்கு
ஒருநாளும் சரியாக மூடிக்கொள்ளாத ஜன்னலோரம்.
மாதத்துக்கு ஒரு பிணம்.
இருநூறு பக்கம் தாண்டினால் கைவிலங்கு.
பிறகு கம்பு ரொட்டி, பாலாடைக்கட்டி, அவரவர் வீடு.

நவம்பரில் என் முறை.
நூலகத்தின் ஆறு பிரதிகளைத்
துணிப்பையில் தூக்கிக்கொண்டு படியேறினேன்.
"சின்ன நாவல்தான்" என்றேன்,
பல் பிடுங்குமுன் மருத்துவர் பேசும் குரலில்.

கதையின் நடுவில் இருக்கும் ஆளுக்குப் பெயர் இல்லை.
'அவன்' இல்லை, 'அவள்' இல்லை.
பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் வெறும் வெள்ளை:

        வீடு திரும்பியபோது மழை.
குடையை மறந்த         வாசலில்.

ஸிக்ரீதா, துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருடம்,
பக்கத்தை பல்புக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.
"அச்சகத்தில் மை தீர்ந்துபோச்சா?"
காசே கொடுக்காத ஆய்விஸ்
காசைத் திருப்பிக் கேட்டான்.
நான் நான்கு பக்கம் குறிப்பு எழுதி வந்திருந்தேன்:
வடிவம், மௌனம், வாசகரின் பங்கு.
ஒரு பத்தி முடிவதற்குள் கெட்டில் விசிலடித்துக்
காப்பாற்றியது, அவர்களை.
மீதியை மடித்து, ஆடும் மேசைக் காலுக்கு
முட்டுக் கொடுத்தேன்.
"திட்டுவதற்காகவாவது முடித்துவிட்டு வாருங்கள்."

டிசம்பர். பனி.

ஸிக்ரீதா எல்லா வெள்ளையிலும்
போன மாத நாவலின் துப்பறிவாளர் பெயரை
பென்சிலால் எழுதியிருந்தாள்.
"இப்ப புரியுது. ஆனா யாரும் சாகலையே."
ஆய்விஸ் பக்கத்து வீட்டு நாயின் பெயரைப் போட்டு
முப்பது பக்கம் விழுந்து விழுந்து சிரித்தானாம்.
முப்பத்தொன்றில்
        தன் தாயின் காலணிகளை
ஒவ்வொன்றாகக் கழற்றும் இடம் வந்தது.
"நாய்க்குப் பொருந்தல" என்றான்.
அதற்கு மேல் சொல்லவில்லை.
இங்கூனா தன் பெயரையே எழுதி,
தங்கையிடம் பொய் சொல்லும் பக்கத்தில் அழித்து,
தங்கையின் பெயரை எழுதி,
அதையும் அழித்திருந்தாள்.
அங்கே தாள் கிழிந்திருந்தது.

"நான் வாசிக்கல" என்றார் மொத்ரிஸ்.
டிராம் தண்டவாளம் பராமரித்தவர்.
பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து வைத்தார்.
"அளந்தேன்.
முதல் பக்கத்தில் இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
ஐம்பது வரைக்கும் அதே.
ஐம்பத்தொன்றிலிருந்து
பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் கூடுது.
கடைசிப் பக்கம், நூற்றுத் தொண்ணூற்று நான்கு,
அங்கே தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர்.
முழுசா ஒரு வரி."
அளவுகோலைத் துடைத்தார்.
"வெயிலுக்குத் தண்டவாளம் நீளும்.
அதுக்காகவே இடம் விட்டுப் போடுவோம்.
இதுவும் யாரோ கணக்குப் போட்டு விட்டதுதான்."

நான்கு முறை வாசித்தவள் நான்.
ரீகாவில் இலக்கியப் பட்டம் வாங்கியவள்.
எனக்குத் தெரியாது.

எல்லோரும் பக்கம் புரட்டும் சத்தம்.
வரிக்குள் ஒரு வெள்ளை
அக்கம்பக்கத்துச் சொற்களை மெல்லத் தின்பதை
இப்போது வெறுங்கண்ணே பார்த்தது.
முதலில் போனது வினைச்சொல். பிறகு குடை. பிறகு மழை.

"அப்படின்னா கொலை நடந்திருக்கு"
ஸிக்ரீதா கண்ணாடியைக் கழற்றினாள்,
"பக்கத்துக்கு அரை மில்லிமீட்டரா."

கொன்றது காலமா, ஆசிரியரா, அந்தத் தங்கையா
என்று மூண்ட சண்டையில் கடைசி டிராம் போயிற்று.
அட்டவணையில் இல்லாத இன்னொன்று உண்டு,
பணிமனைக்குக் காலியாகத் திரும்புவது,
கை காட்டினால் நிற்கும் என்றார் மொத்ரிஸ்.
நின்றது.

மறுநாள் நூலகத்தில் ரப்பரோடு உட்கார்ந்தேன்.
துப்பறிவாளரை அழித்தேன். நாயை அழித்தேன்.
கிழிசலுக்குப் பின்னால் ஒட்டுத்தாள் வைத்தேன்.

அன்று மாலை முழுக்க வாய் திறக்காத
ஸ்கைத்ரீதேயின் பிரதி மட்டும் சுத்தம்,
கடைசிப் பக்கம் தவிர.
அங்கே நீல மையில் ஒரே ஒரு பெயர்,
எழுத்துக்கு எழுத்து தள்ளித் தள்ளி,
வரி முழுவதும் நிறையும்படி.

மை அழியாது.
நான் அழித்துப் பார்க்கவும் இல்லை.
பதிவேட்டில் 'சேதம்' என்ற கட்டத்தைக்
காலியாக விட்டுவிட்டு
புத்தகத்தை அலமாரியில் வைத்தேன்.