மீன்தொட்டி நேரம்

தளபாடக் கடைக்கு மேலே இரண்டு அறை.
அதுதான் நிலையம்.
லாங்கெந்தாலிலும் சுற்றியுள்ள பதினாலு ஊரிலும்
கேபிள் போன வீடுகளுக்கெல்லாம்
ஏழாம் எண்ணில் வருவோம்.

எண்பத்தெட்டில் ரூடி தொடங்கியது.
அன்ரனா திருத்துகிறவர்.
கல்யாணவீடுகளில் தேய்ந்த ஒரு கமரா,
மச்சானிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத இரண்டு விளக்கு.
முதல் செய்தி: ரயில் பாலத்தடியில் லொறி சிக்கியது.
முப்பத்தொரு வருடம், அதே பாலம், பத்தொன்பது லொறி.
அந்த ஒரு செய்தியில் மட்டும்
எங்களை எவரும் முந்தியதில்லை.

நான் போனது தொண்ணூற்றிரண்டு கார்த்திகையில்,
கூட்டித் துடைக்க.
சட்டைப் பையில் மூன்று மாத அனுமதி அட்டை.
ஒருநாள் பேயாட்டுக்குக் காய்ச்சல்.
"ஆறு மணிக்கு இதை அழுத்து" என்று
ரூடி என் வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.
அழுத்தினேன்.
அன்றிலிருந்து பொத்தானும் என்னுடையது,
வாளியும் என்னுடையது.

செய்தி பன்னிரண்டு நிமிடம். விளம்பரம் ஐந்து.
வானிலை, ஃப்ரேனி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவது.
மணிக்கொருதரம் அதையே போடவேணும், விடியும்வரை.
மிச்ச நேரத்துக்கு மீன்தொட்டி.

பகிடி இல்லை.
ஒரு கமராவைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டால்
செலவு தீனி மட்டும்தான்.
நாலு மீன். அதில் ஒன்று செம்மஞ்சள், வால் கிழிந்தது.
நகரசபைக் கூட்டத்தை முதன்முதல் நேரலையில் போட்ட இரவு
மூன்று பேர் தொலைபேசி எடுத்தார்கள்.
மூன்று பேருக்கும் ஒரே கேள்வி:
இது முடிய மீன் வருமா?

ஒளி என்றால் வெளிச்சம்.
ஒளி என்றால் மறைந்துகொள்.
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று
பேயாட்டுக்கு ஒருமுறை சொன்னேன்.
"அப்ப ஒளிபரப்பு?" என்று சிரித்தான்.
நாட்டைவிட்டுப் போகச் சொன்ன கடிதம்
அந்த வாரம்தான் வந்திருந்தது.
நானும் சிரித்தேன்.

பதினொரு வருடம் ஒரு ஊருக்கே படம் காட்டினேன்.
ஒரு படத்திலும் நான் இல்லை.

வால் கிழிந்தவன் செத்தது ஒரு மாசி மாதம்,
அதிகாலை மூன்று பத்துக்கு,
நேரலையில், வயிறு மேலே தெரிய.
செய்திக்கு மாற்றினேன்.
அது முடிய நேற்றைய செய்தி, அது முடிய முந்தாநாள் செய்தி,
கடை திறக்கும்வரை.
அதே நிறத்தில், அதே அளவில் ஒன்று வாங்கினேன்.
வாலைக் கத்தரிக்க மனம் வரவில்லை.

பத்து மணிக்குள் நாற்பத்தொரு அழைப்பு.
ஆர்வாங்கனிலிருந்து ஒரு பெண்:
"இது அது இல்லை.
அது எப்பவும் இடப்பக்கமாய்த்தான் திரும்பும்."

"கண்டது நீ. நீயே வாசி" என்றார் ரூடி.
பேயாட்டின் கோட்டுக்குள் என் விரல் நுனி மட்டும் வெளியே.
வாசித்தேன், என் உடைந்த ஜெர்மனில்:
இறந்த நேரம். வயது தெரியாது.
அடக்கம், பின்வளவில், உறைந்த மண்ணைத் தோண்ட முடிந்ததும்.

மறுநாள் பல்பொருள் அங்காடியில்
காசு வாங்குகிற பெண் எழுந்து நின்று கை தந்தாள்.
ஆழ்ந்த அனுதாபம், என்றாள்.
அண்ணா செத்த வருடம் இதே வரிசையில்தான் நின்றேன்,
அரிசியோடும் பாலோடும்.
அப்போது நான் யாருக்கும் சொல்லவில்லை,
யாரும் கேட்கவுமில்லை.
வீட்டுக்கு வரும் வழியில்
இரண்டு சாவுக்கும் சேர்த்து அந்தக் கையை வைத்துக்கொண்டேன்.

இப்போது பேர்னில் ஒரு நிறுவனம் வாங்கிவிட்டது.
பொத்தானை அங்கிருந்தே கணினி அழுத்தும்.
சாமான் பட்டியல் கேட்டார்கள்:
கமரா மூன்று, மேசை இரண்டு, தொட்டி ஒன்று.
தொட்டிக்கு நேரே கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

கடைசி நாள்.
ஆறு மணிக்குக் கைமாறுகிறது.
ஐந்தே முக்காலுக்கு ஃப்ரேனி ஜன்னலிலிருந்து கத்தினாள்:
பாலத்தடியில் லொறி! இருபதாவது!
கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
சாரதி போலந்துக்காரன்,
கண்ணாடியை இறக்கி, எந்த டிவி என்றான்.

ஏழு, என்றேன்.
இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கு. சொல்லு.